எண்ணா, பெயரா? வீட்டுக் கணினியின் நுண்செயலி வரலாறு

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மகளின் படிப்புக்காகக் கணினி வாங்கக் கோலாலம்பூர் இம்பிச் சாலைப் பகுதியிலுள்ள ஒரு கடைக்குச் சென்றேன். கடையிலிருந்த இளைஞர் இரண்டு விலைத்தாள்களை முன்வைத்தார். ஒன்றில் இன்டெல் நிறுவனத்தின் ‘பெண்டியம் 4, 1.8 கிகாஹெர்ட்ஸ்’ என்றிருந்தது. மற்றதில் ஏஎம்டி நிறுவனத்தின் ‘அத்லான் எக்ஸ்பி 1800+’ என்றிருந்தது. ஆயிரத்து எண்ணூறு மெகாஹெர்ட்ஸே 1.8 கிகாஹெர்ட்ஸ் என்பதால், “இரண்டுக்கும் ஒரே வேகம்தானே?” என்று கேட்டேன். இளைஞர் சிரித்தார். “இல்ல சார், 1800 வேகம் இல்ல. அது பேரு” என்றார்.

சொற்பொருளை ஆராய்வதே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு அந்த விடை ஒரு பாடமாயிற்று. எண்ணைக் கண்டதும் அளவென்று கொண்டேன். அது பெயராகவும் இருக்கலாம் என்று எண்ணவில்லை. எண் எவ்வாறு பெயராயிற்று என்பதே இவ்வுரையின் பொருள். இன்று ‘செயலி’ என்னும் சொல் கைப்பேசி மென்பொருளுக்கும் வழங்குவதால், கணினியின் மையச் சில்லை ‘நுண்செயலி’ என்றே குறிப்பிடுகிறேன்.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என்று பகுத்ததை மாணவர்கள் அறிவர். ‘மரம்’ இடுகுறிப் பொதுப்பெயர்; ‘பனை’ இடுகுறிச் சிறப்புப்பெயர். ‘பறவை’ காரணப் பொதுப்பெயர். ‘மரங்கொத்தி’ காரணச் சிறப்புப்பெயர். நுண்செயலிப் பெயர்களின் கதையை விளங்கிக்கொள்ள இப்பகுப்பே போதுமானது.

இன்டெல் 1968இலும் ஏஎம்டி 1969இலும் கலிபோர்னியாவில் தோன்றின. இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்ட் என்னும் ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். இவ்விரு நிறுவனங்களும் 1972இல் பினாங்கைத் தேர்ந்தெடுத்து, பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் தொழிற்சாலை அமைத்தன. சந்தையில் எதிரெதிராய் நின்ற சில்லுகள் நம் நாட்டில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தன என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியில் இன்டெலின் 8088 இருந்தது. இன்றியமையாத ஓர் உறுப்புக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. இரண்டாவது வழங்குநரும் வேண்டுமென்றது. ஆகவே 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. ஏஎம்டியும் அதே வடிவமைப்பில், அதே எண்களுடன் சில்லுகளைச் செய்தது. வாங்குவோர்க்கு 286 என்பது ஒரு நிறுவனத்தின் பெயரன்று. ஒரு வகையின் பெயர்.

1985இல் 386 வெளிவந்தபோது இன்டெல் அதன் வடிவமைப்பைப் பகிர மறுத்தது. பிணக்கு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. ஏஎம்டி தானே முயன்று 1991இல் தன் 386ஐ வெளியிட்டது. ‘386’ தன் வணிகக்குறி என்று இன்டெல் வழக்காடியது. அது அத்துறையில் பொதுவாக வழங்கும் பெயராகிவிட்டது என்று அதே ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் இலக்கண மொழியில் சொன்னால், சிறப்புப்பெயர் என்று இன்டெல் வாதிட்டது. பொதுப்பெயர் என்று மன்றம் கண்டது.

அத்தீர்ப்பின் விளைவை நம் வீடுகளிலேயே கண்டோம். 1993இல் வெளிவந்த அடுத்த சில்லு, வரிசைப்படி 586 என்று பெயர் பெற்றிருக்க வேண்டும். ‘பெண்டியம்’ என்னும் பெயருடன் வந்தது. ஐந்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுடன், சோடியம், கால்சியம் போன்ற தனிமப் பெயர்களின் ஈறு சேர்ந்த புனைசொல் அது. ஐந்தாம் தலைமுறை என்ற காரணம் உள்ளே இருந்தது; ஆயினும் அச்சொல் ஒருவருக்கே உரிய சிறப்புப்பெயர். எவரும் அதைப் படியெடுக்க இயலாது. 1991இல் தொடங்கிய ‘இன்டெல் இன்சைடு’ விளம்பரமும் சேர்ந்து, கணினியின் உள்ளே மறைந்திருந்த ஓர் உறுப்பை இல்லந்தோறும் அறிமுகமாக்கியது. புகழைச் சுமக்கும் பெயர் பழியையும் சுமக்கும். 1994இல் பெண்டியத்தின் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிப்படுத்தினார். சில்லுகளை மாற்றித்தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

பெயர்ப் போட்டிக்குப் பின் வேகப் போட்டி வந்தது. 2000 மார்ச் 6ஆம் நாள் ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸ் சில்லை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து இன்டெலும் அறிவித்தது. ஹெர்ட்ஸ் என்பது சில்லு ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதைக் காட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைக் காட்டாது. விரைந்து பேசுபவர் ஒரு நிமிடத்தில் மிகுதியான சொற்களைச் சொல்லலாம். மிகுதியான கருத்தைச் சொன்னார் என்று அதனால் ஆகிவிடாது. பெண்டியம் 4 துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுமாறு வடிவமைக்கப்பட்டது. அத்லான் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வேலை செய்தது. ஆனால் விலைத்தாளில் துடிப்பு மட்டுமே அச்சாகும். எனவே 2001 அக்டோபரில் ஏஎம்டி தன் 1533 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு ‘1800+’ என்று பெயரிட்டது. அளவைப் போலத் தோன்றும் பெயர் அது. 2004இல் இன்டெலும் தன் சில்லுகளுக்கு வகையெண்களைச் சூட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தையும் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட வெப்பம் பெருகியதால் அவ்வழி அடைபட்டது. அதன்பின் இரு நிறுவனங்களும் ஒரு சில்லுக்குள் பல உள்ளகங்களை வைக்கும் வழியில் நடந்தன.

இன்றைய விலைத்தாளிலும் அதே சிக்கல் உண்டு. இன்டெல் 2008 முதல் கோர் ஐ7, ஐ5, ஐ3 என்று பெயரிட்டது. ஏஎம்டி 2017இல் ரைசன் 7, 5, 3 என்று அதே எண்களைத் தன் பெயர்களுடன் சேர்த்தது. அவ்வெண்கள் எதையும் எண்ணிச் சொல்வன அல்ல. ஐ7-7500யு என்னும் மடிக்கணினிச் சில்லில் இரண்டு உள்ளகங்களே உண்டு. அதே தலைமுறையின் ஐ5-7400 என்னும் மேசைக்கணினிச் சில்லில் நான்கு உண்டு. ரைசன் 5 3600, ரைசன் 5 3500யு ஆகிய இரண்டும் ஒரே வரிசையின என்று தோன்றும். ஆனால் பின்னது முந்திய தலைமுறை வடிவமைப்பைச் சார்ந்தது.

எந்த நிறுவனத்தின் சில்லை வாங்குவது என்று பெற்றோர் ஆசிரியர்களைக் கேட்பதுண்டு. பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கிய பணம் சிறு குடும்பத்துக்குப் பெருந்தொகை. ஆகவே பொறுப்புடன் விடை கூற வேண்டும். நிறுவனத்தின் பெயரைக் கூறுவது அதற்குப் போதிய விடையாகாது. இக்கணினியால் ஆக வேண்டிய வேலை யாது, சில்லு எந்தத் தலைமுறையது, உள்ளகங்கள் எத்தனை, அது மடிக்கணினிக்கு உரியதா மேசைக்கணினிக்கு உரியதா, உடன் வரும் நினைவகம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். முப்பதாண்டுகளில் முன்னிலை இருவரிடையே பலமுறை கைமாறியிருக்கிறது. நேற்றைய புகழை நம்பி இன்று வாங்குவது முறையன்று.

அன்று நான் அந்த இளைஞரிடம், “அப்படியானால் எழுதவும் படிக்கவும் இவற்றுள் எது மேல்?” என்று கேட்டேன். “அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார். விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பணத்தில் நினைவகத்தை இரட்டிப்பாக்கினேன். மகள் பட்டம் பெறும்வரை அக்கணினி உழைத்தது.