மூன்று பத்திரங்களும் ஒரு பொதுச்சுவரும்

சாத்தூரில் இருக்கும் தாத்தாவின் ஓட்டு வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று அண்ணனும் நானும் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, "முதல்ல பத்திரத்தைப் படிங்கடா, அப்புறம் சண்டை போடுங்க" என்று இரண்டு கட்டுகளைக் கொடுத்தார். தாத்தா 1956-ல் வாங்கிய வீட்டுப் பத்திரம் ஒன்று, அப்பா 1988-ல் வாங்கிய மனைப் பத்திரம் ஒன்று. சென்னைக்கு வந்ததும் நான் 2014-ல் வாங்கிய அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

மூன்றுமே வீட்டுக்காகப் போட்ட பத்திரங்கள்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் மூன்றிலும் வேறு வேறு.

1956: சுவரோடு பக்கத்து வீட்டுக்காரரும்

தாத்தாவின் பத்திரம் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று தொடங்குகிறது. (சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். 1985-ல்தான் இன்றைய விருதுநகர் மாவட்டம், அன்றைக்குக் காமராசர் மாவட்டம், பிரிந்தது.) கிழமேல் ஜாதியடி 18, தென்வடல் ஜாதியடி 54. அளவு இரண்டே வரிதான். அதற்குப் பிறகு அரைப் பக்கத்துக்குப் பாத்தியம்: கீழ்புறச் சுவர் பொதுச்சுவர், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம், சந்தில் நடக்கும் பாத்தியம், மழைத்தண்ணீர் விழும் பாத்தியம்.

வீடு ஏன் இவ்வளவு ஒடுக்கம்? ஓட்டுக்கூரையின் அகலத்தைத் தீர்மானித்தது மரம். உத்திரமும் கைமரமும் எவ்வளவு நீளத்துக்குக் கிடைக்குதோ, கட்டுப்படியாகுதோ, அறை அவ்வளவுதான். தேக்கு உத்திரம் போட்டுச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் காரை மச்சு வசதியானவர்களுக்கு மட்டும். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு பர்மா தேக்கு வரத்தும் நின்றது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் என்றால் செலவு மிச்சம், வெயில் படும் பக்கமும் ஒன்று குறையும்.

அன்றைக்கு வீடு பார்க்க வருகிறவர் முற்றத்தைத்தான் முதலில் பார்ப்பார் என்று அம்மா சொல்கிறார். தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில் ஒட்டினதைக் காயப்போட வெயில் விழும் தரை வேண்டும். அடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று விசாரிப்பார். சுவரில் ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லணுமே!

1988: மண் மட்டும்

அப்பாவின் பத்திரத்தில் பாத்தியமே கிடையாது. நான்கு எல்லை, மனை எண், சதுர அடி, அவ்வளவுதான். வீடு அதற்கப்புறம் கட்டியது, கான்கிரீட் தளம் போட்டு.

ஏன் எண்பதுகளில்? ஆர்.ஆர்.நகர் சிமெண்ட் ஆலை 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஆலை இருந்தும் மூட்டை சுலபத்தில் கிடைக்காது. சிமெண்டின் விலையும் விநியோகமும் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன, வீடு கட்டுகிறவர் பர்மிட்டுக்கு அலையணும். அந்தக் கட்டுப்பாட்டை 1982-ல் ஓரளவும் 1989-ல் முழுசாகவும் எடுத்தார்கள். கம்பியும் சிமெண்டும் கிடைத்ததும் மரத்தின் நீளம் ஒரு கணக்கே இல்லாமல் போனது. அறை அகலமானது, நாலு பக்கமும் சொந்தச் சுவர் எழுந்தது, மேலே மாடி எடுக்கலாம் என்ற ஆசையும் வந்தது.

அப்பா தலைமுறையின் கேள்வி 'எத்தனை சென்ட், ரோடு எத்தனை அடி' என்று மாறியது. இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. மண் மட்டும் போதாது, காகிதமும் வேணும் என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

2014: மண்ணில் ஒரு பங்கு

நம் ஊரில் மனைக்கும் 'பிளாட்', அடுக்குமாடி வீட்டுக்கும் 'பிளாட்'. ஒன்றில் மண் இருக்கு, வீடு இல்லை. இன்னொன்றில் வீடு இருக்கு, மண் தனியாக இல்லை. என் பத்திரத்தில் இருப்பது 'பிரிபடாத பங்கு' 410 சதுர அடி. கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். இதை விளக்கியபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அதுல உன் மண்ணு எதுடா?" பதில் சொல்ல முடியவில்லை. அந்த 410 அடி எங்கே இருக்கு என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

கட்டடம் பழசாகி இடித்துக் கட்டணும் என்றால்? தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். தாத்தா ஒருத்தரைக் கேட்கணும். நான் நாற்பது வீட்டைக் கேட்கணும்.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். தனி வீடுதான் நம் மரபு, அடுக்குமாடி நேற்று வந்தது என்று பேசுகிறோம். எங்கள் குடும்பத்தில் யாரையும் கேட்காமல் ஆணி அடித்தது நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான். அதற்கு முன்னும் பின்னும் பொதுச்சுவர்தான். தாத்தா சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று விசாரித்துவிட்டு வாங்கினார். நான் நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினேன். சங்கத்தின் கணக்கு வழக்கைக் கேட்கணும் என்று தோன்றவே இல்லை.

இப்போது தாத்தா வீட்டைக் கேட்டு வந்தவர் மண்ணுக்கு மட்டும்தான் விலை சொல்கிறார். வீட்டுக்கு மதிப்பு பூஜ்யம், இடிக்கிற செலவையும் கழிக்கணுமாம். பொதுச்சுவரைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. இடித்தால் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கூரை எதன் மேல் நிற்கும்?

அண்ணனும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டோம். விற்பதோ வைத்துக்கொள்வதோ, முதலில் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்பது. பத்திரத்தில் அப்படித்தானே எழுதியிருக்கு.