மிச்சிகனின் இளம் ஆளுநர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாநிலத் தகுதி பெறாத நிலப்பகுதிகளுக்கு ஆளுநரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பது அக்கால வழக்கமாக இருந்தது. மாநிலமான பின்னரே மக்கள் தம் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தனர். மிச்சிகன் மக்களோ அதுவரை பொறுத்திருக்கவில்லை.

1831-இல் ஜாக்ஸன் அந்நிலப்பகுதியின் செயலாளராக ஸ்டீவன்ஸ் மேசனை அமர்த்தினார். மேசனுக்கு அப்பொழுது வயது 19. வாக்களிக்கும் வயதுகூட நிரம்பவில்லை! டெட்ராயிட் நகரத்தார் சினந்தெழுந்ததில் வியப்பென்ன? ஆயினும், 1834-இல் ஆளுநர் போர்ட்டர் வாந்திபேதியால் மாண்டபோது, ஆட்சிப் பொறுப்பு அவ்விளைஞரிடமே வந்தது.

60,000 சுதந்திரக் குடிகள் இருந்தால் ஒரு நிலப்பகுதி மாநிலமாகலாம் என்பது 1787-ஆம் ஆண்டுச் சட்டம். 1834-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ 85,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். பின் தடை யாது? டொலீடோ என்னும் துறைமுகத்தை உள்ளிட்ட எல்லைத் துண்டு. அதனை ஓஹையோவும் உரிமை கொண்டாடியது. இரு தரப்பிலும் படை திரண்டது. உயிர்ச்சேதம் மட்டும் நேரவில்லை. ஓஹையோவுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 21 வாக்குகள், மிச்சிகனுக்கு ஒன்றுமில்லை. ஜாக்ஸன் எப்பக்கம் சாய்ந்தார் என்று கூறவும் வேண்டுமோ? 1835 ஆகஸ்டில் மேசன் பதவி நீக்கப்பட்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் மிச்சிகன் மக்கள் தம் அரசியல் சட்டத்திற்கு ஒப்புதல் அளித்ததோடு, நீக்கப்பட்ட மேசனையே பெருவாரியான வாக்குகளால் ஆளுநராக்கினர். ஈண்டு ஒன்று மறத்தலாகாது: அவ்வாக்குரிமை வெள்ளை இன ஆடவர்க்கே உரியது, பெண்டிர்க்கும் நீக்ரோவர்க்கும் அம்மண்ணின் பழங்குடியினர்க்கும் அதில் இடமில்லை.

தலைவர் அனுப்பிய ஹார்னர் ஒருபுறம், மக்கள் தேர்ந்த மேசன் மறுபுறம். ஹார்னர் ஆணையிட்டார், கேட்பாரில்லை. எனினும் காங்கிரஸ் மிச்சிகனை மாநிலமாக ஏற்கவுமில்லை. டொலீடோவைக் கைவிட்டு, வடக்கே உள்ள தீபகற்பத்தைப் பெற்றுக்கொள்க என்று 1836 ஜூனில் நிபந்தனை விதித்தது. செப்டம்பரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் மறுத்தனர். டிசம்பர்க் கடுங்குளிரில் மீண்டும் கூடிய மன்றம் இசைந்தது. 1837 ஜனவரி 26-ஆம் நாள் மிச்சிகன் 26-ஆவது மாநிலமாயிற்று.

பயனற்ற பனிக்காடு என்று பலர் எள்ளிய அவ்வடநிலத்தில், பத்தாண்டுகளுக்குள் செம்பும் இரும்பும் வெட்டி எடுக்கப்பட்டன. அவற்றால் விளைந்த செல்வத்தை மேசன் காணவில்லை. 1840-இல் பதவியினின்றும் விலகியவர், 1843-இல், தம் 31-ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார்.