பொய்க் காசம்

பொதிகைக் காற்றைப் பற்றியும் தாமிரவருணித் தண்ணீரைப் பற்றியும் பெருமை பேசாத நெல்லைக்காரன் கிடையாது. இந்தக் காற்றையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு யாருக்காவது நோய் வருமா என்பான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், சித்தப்பா இருமத் தொடங்கும்வரை.

1961ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது. கும்பகோணத்தில் ஏழு வருஷம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிவிட்டுச் சித்தப்பா ஊர் திரும்பியிருந்தார். பகலெல்லாம் சாதாரணமாக இருப்பார். இரவு இரண்டு மணிக்கு மேல் வறட்டு இருமல் பிடிக்கும்; பின்னாலேயே இரைப்பு வரும். எழுந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, விடியும்வரை மூச்சுக்குத் தவிப்பார். ஆச்சி ஆடாதோடைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். தூதுவளை நெய் காய்ச்சிக் கொடுத்தாள். உடம்பு மெலிந்துகொண்டே போயிற்று. கடைசியில் மார்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒருவர், நுரையீரலெங்கும் பொடிப் பொடியாகத் தெரிந்த புள்ளிகளைக் காட்டி, "காசம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல் போதாதா? சித்தப்பாவின் தட்டும் தம்ளரும் தனியாயின. படுக்கை தார்சாவுக்கு வந்தது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. "சித்தப்பா கிட்டப் போகாதல" என்று என்னைத் தடுத்தவள், அவரைப் பெற்ற ஆச்சிதான். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

இப்படித் தனித் தம்ளர் வாங்கியவர் சித்தப்பா ஒருவர்தானா என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன். தேடல் என்னை மதனப்பள்ளிக்கு அழைத்துச் சென்றது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த அவ்வூரின் அருகே, ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1915ல் ஒரு காசநோய் ஆசுபத்திரி திறக்கப்பட்டது. அதை நடத்திய டென்மார்க்கு நாட்டு டாக்டர் பிரிமோட் மொல்லர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். காசம் என்று வந்த சிலருடைய சளியில் காசக் கிருமியே இல்லை! மாறாக, இரத்தத்தில் ஈசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணு அளவுமீறிப் பெருகியிருந்தது. நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐந்நூறுக்குள் அடங்க வேண்டிய இந்த அணு, இந்நோயில் மூவாயிரத்தையும் தாண்டிவிடும். 1940ல் அவரும் பார்ட்டன் என்பவரும் இதைக் காசம்போல் வேஷம் போடும் வேறொரு நோய் என்று எழுதினார்கள்.

1943ல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர் இதற்கு வெப்பநாட்டு ஈசினோபீலியா என்று பெயர் சூட்டினார். மேக நோய்க்காகப் பாஷாணம் கலந்த ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு இந்த இரைப்பும் சேர்ந்து நின்றுபோனது. அந்தத் தற்செயலே வைத்தியமாகவும் ஆயிற்று. மருந்து கிடைத்துவிட்டது, காரணம்தான் கிடைக்கவில்லை.

அந்தக் காரணம் நமக்குப் பழக்கமான எதிரிதான். யானைக்கால் நோயைத் தரும் நூல் போன்ற உருண்டைப் புழு! அது கொசுவுக்குள் வளர்கிறது என்பதை 1877ல் சீனாவில் மான்சன் கண்டுபிடித்திருந்தார். 1950களில் சிங்கப்பூர் டாக்டர் தனராஜ், யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கும் ஹெட்ரசான் மாத்திரை இந்த இரைப்பையும் தீர்ப்பதைக் காட்டினார். 1960ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெப், ஜோப், கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல் தசையிலேயே புழுவின் குஞ்சுகளைப் பார்த்துவிட்டார்கள்.

அதுவரை ஏன் அகப்படவில்லை? யானைக்கால் புழு உள்ளவர்கள் பலருக்கு, இரவில் இரத்தத்தை எடுத்தால் குஞ்சுகள் நீந்துவது தெரியும். இந்த நோயாளிகளின் உடம்போ அவற்றைச் சகிக்காமல் நுரையீரலிலேயே மடக்கி அழித்துவிடுகிறது. இரத்தத்தில் தேடினால் எப்படி அகப்படும்? திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்திக்கொண்ட கதைதான். இருமலும் இரைப்பும் அந்த நெருப்பின் புகை.

வேலூர்ச் செய்தி வெளிவந்த மறு வருஷம்தான் சித்தப்பா தார்சாவில் கிடந்தார். என் தகப்பனார் ஒருநாள் அவரை வண்டியில் ஏற்றி, சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, பாளையங்கோட்டையில் ஒரு வயதான டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் எண்ணினார். நிமிர்ந்து, "கும்பகோணத்துல கொசு நிறையக் கடிச்சுதோவே?" என்று கேட்டார். யானைக்காலுக்குப் பேர்போன ஊர் அல்லவா அது! மூன்று வாரம் மாத்திரை. முதல் வாரம் முடியுமுன்பே எங்கள் வீட்டு இரவு அமைதியாகிவிட்டது.

காசமாகவே இருந்திருந்தாலும்தான் என்ன? வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதால் குடும்பத்துக்கு அதிக ஆபத்தில்லை என்று 1959லேயே சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிரூபித்திருந்தது. தம்ளர் வழியாகக் காசம் பரவுவதும் இல்லை. அந்தச் செய்தி ஆற்றங்கரை வந்து சேரவில்லை. பயம் மட்டும் முன்னாலேயே வந்திருந்தது.

மாத்திரையால் குணமான பிறகும் சிலருடைய நுரையீரலில் லேசான அழற்சி தங்கிவிடுகிறது என்று 1990ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. படித்தபோது சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு வேறிடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. எழுபது வயதுக்கு மேல் இருந்தார். பிறகு ஒருநாளும் இருமியதில்லை. குணமான அன்றே ஆச்சி அவருடைய தம்ளரைத் துலக்கி மற்றத் தம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். ஆனால் சித்தப்பா அந்த வரிசையில் கைவிட்டு, ஓரம் நசுங்கிய அந்த ஒன்றைத்தான் தேடி எடுப்பார். கடைசிவரை அதில்தான் தண்ணீர் குடித்தார்.