ஒரு வாத்தியார், ஆறு வகுப்பு: பேராக் தோட்டப் பள்ளிகளில் கற்பித்தல்



இப்போது எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் ‘கற்றல் பாணி’ என்ற சொல் காதில் விழாமல் இருப்பதில்லை. இவன் பார்த்துப் படிக்கிறவன், அவள் கேட்டுப் படிக்கிறவள் என்று பெயர்ப்பட்டியலில் குறித்து வைக்கிறோம். மாணவருக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது என்னமோ நேற்று வந்த சங்கதி மாதிரி ஒரு பேச்சு. பேராக் ரப்பர் தோட்டங்களின் கதை வேறு மாதிரி.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பேராக்கும் அதில் அடக்கம். பள்ளி வந்தது, ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல தோட்டங்களில் வாத்தியாராக நின்றார். ஒரே கொட்டகை, ஒரே கரும்பலகை, ஏழு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்த அந்த வாத்தியாரால் முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அவருக்குக் கைகொடுத்தது ஊரிலிருந்து வந்த திண்ணைப் பள்ளிப் பழக்கம். சின்னவர்கள் மணலில் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதுவார்கள், பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று பார்த்துக்கொள்வான். இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதை இல்லப் பள்ளியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கே நடத்தி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

ஆனாலும் இதை ரொம்பப் புகழவும் எனக்கு மனமில்லை. அந்தச் சட்டாம்பிள்ளையின் பாடம் என்ன ஆயிற்று? தம்பிமாருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்பா அம்மாவோடு பால்வெட்டுக்குப் போய் மங்கு துடைத்தவன் அவன்தான். மூன்று நான்கு வகுப்போடு நின்ற பிள்ளைகள் ஏராளம். ‘தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்று பின்னாளில் பேசியவர்கள் இதை நினைத்துப் பார்த்ததில்லை.

தேர்வு எழுதுபவர்கள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1956 ரசாக் அறிக்கை, 1957 கல்விச் சட்டம் ஆகியவற்றால் தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்தபோது பள்ளிகளும் மூடின. சுதந்திரத்தின்போது 880க்கு மேல் இருந்தவை இன்று ஏறத்தாழ 530. பேராக்கில் மட்டும் 134. 1983இல் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கிய கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம்தான் குறைநீக்கல், வளப்படுத்துதல் என்ற இரண்டையும் நம் பாடக்குறிப்புக்குள் கொண்டுவந்தது. ஹாவர்ட் கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவு நூல் வெளிவந்ததும் அதே 1983தான்.

கற்றல் பாணிக்கு வருவோம். 2008இல் பேஷ்லர் முதலிய நான்கு உளவியல் அறிஞர்கள், பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இல்லை என்பதல்ல இதன் பொருள். ஒருவனுக்கு என்ன தெரியும், எங்கே தடுக்குகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘கேட்டுப் படிக்கிறவன்’ என்று முத்திரை குத்திவிட்டால் அவனிடம் புத்தகத்தை நீட்டவே மறந்துபோவோம்.

நான் படித்த தோட்டப் பள்ளியில் எங்கள் சார் ஒரு கோணிப்பை நிறைய ரப்பர் கொட்டை வைத்திருப்பார். முதலாம் ஆண்டு எண்ணும். மூன்றாம் ஆண்டு அதையே எட்டு எட்டாகப் பிரித்து வாய்ப்பாடு சொல்லும். ஐந்தாம் ஆண்டுக்கு அதே குவியலில் பின்னக் கணக்கு. எந்தக் குழுவில் எவன் தடுமாறினாலும் அவனை ஒரு வரிசை கீழே உட்கார வைப்பார். தேறியதும் மேலே வருவான்.

மாணவர் மிகக் குறைவாக உள்ள பள்ளிகளில் இன்றும் இரண்டு ஆண்டு மாணவரை ஒன்றாக உட்கார வைக்கிறோம். போன வருடம் என் கூட்டு வகுப்பில் அந்தக் கொட்டைக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஈப்போ பிள்ளைகள், ரப்பர் கொட்டையையே முதல்முறை பார்க்கிறார்கள். கணக்கு முடிந்ததும், தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்கும் விளையாட்டையும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.