அமெரிக்க மாணவர்கள் ஜெர்மனிக்குப் போன நூற்றாண்டு

1815 முதல் 1914 வரை ஏறத்தாழ 9,000 அமெரிக்கர்கள் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்கள் தாய்மொழி ஆங்கிலம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பழம்பெருமை வாய்ந்தவை. ஆனாலும் மேற்படிப்பு என்றதும் அவர்கள் புதிதாக ஒரு மொழி கற்றுக்கொண்டு ஜெர்மனிக்கே போனார்கள். பல்கலைக்கழகத்தின் புகழைவிட அங்கே என்ன பட்டம் தருகிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதே பெரிதாகப் பார்க்கப்பட்டது.

முதலில் போனவர்களில் ஜார்ஜ் டிக்னர் என்ற பாஸ்டன்காரர் ஒருவர். ஜெர்மனியைப் பற்றி மதாம் த ஸ்டால் எழுதிய பிரெஞ்சு நூல் அவருக்கு அந்த ஆசையை ஊட்டியது. ஜெர்மன் படிக்கலாம் என்றால் பாஸ்டனில் ஒழுங்கான ஆசிரியரும் இல்லை, புத்தகமும் இல்லை. இலக்கண நூலை எட்வர்ட் எவரெட்டிடம் இரவல் வாங்கினார். அகராதிக்கு நியூ ஹாம்ப்ஷயருக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. 1815இல் இருவரும் கப்பலேறிக் கோட்டிங்கன் போய்ச் சேர்ந்தார்கள். ஹார்வர்டு நூலகத்தில் அப்போது சுமார் 20,000 புத்தகங்கள். கோட்டிங்கனில் சுமார் 2,00,000. 1817இல் எவரெட் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை நிறுவிய ஹனோவர் ஆட்சியாளர் வேறு யாருமல்ல, பிரிட்டன் அரசர் இரண்டாம் ஜார்ஜ்தான். தன் அரசர் ஜெர்மனியில் உண்டாக்கிய கல்விக்கூடத்திடம் இங்கிலாந்து மாணவர்களை இழந்தது.

ஆக்ஸ்போர்டில் சேரும்போதே ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கும்போது அந்தச் சோதனை. இளங்கலைக்கு இந்த நிபந்தனை 1850களில் நீங்கியது. மற்றப் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் பெரும்பாலும் 1871 வரை நீடித்தது. திருச்சபையைச் சேராத அமெரிக்கருக்கு இது பெரிய தடை. தடை நீங்கிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர் மறுபடி இளங்கலை வகுப்பில் உட்காருவதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கான முனைவர் பட்டம் இங்கிலாந்தின் அந்த இரு இடங்களிலும் இல்லை. பாரிசில் அரசு வழங்கிய முனைவர் பட்டம் வெளிநாட்டவர் எளிதில் நெருங்கக்கூடியதாக இருக்கவில்லை. அவர்களை மனத்தில் வைத்துப் பிரான்ஸ் தனியாக ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தைக் கொண்டுவந்தது 1897இல்தான். அதற்குள் அலை பெரும்பாலும் ஜெர்மனிப் பக்கம் போய்விட்டது.

ஜெர்மனியில் அப்போது மாணவருக்குக் கட்டு குறைவு. ஒரு செமஸ்டர் பெர்லினில், அடுத்தது லைப்சிக்கில் என்று பேராசிரியரைத் தேடி ஊர் மாறலாம். கேட்ட பாடங்கள் ஒரு பதிவேட்டில் ஏறும், பேராசிரியர் அதில் கையெழுத்திடுவார், அந்த ஏடு மாணவரோடு ஊர் ஊராகப் போகும். வேதியியலுக்கு கீசனில் லீபிக்கின் ஆய்வகம், உளவியலுக்கு 1879 முதல் லைப்சிக்கில் வுண்ட்டின் ஆய்வகம் என்று துறைக்கொரு ஊர் பெயரெடுத்தது.

ஆனால் இந்தத் தாராளம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கரான மார்த்தா கேரி தாமஸ் லைப்சிக்கில் சுமார் மூன்றாண்டு பாடம் கேட்டார். பெண் என்பதால் பட்டம் தர மறுத்தார்கள். கோட்டிங்கனும் கைவிரித்தது. 1867லேயே ஒரு பெண்ணுக்கு முனைவர் பட்டம் அளித்திருந்த சூரிச் அவரை ஏற்று, 1882இல் மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் வழங்கியது. பின்னாளில் அவர் பிரின் மார் மகளிர் கல்லூரியின் தலைவரானார். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1892இல் பெர்லின் போனவர். பட்டத்துக்கு வேண்டிய செமஸ்டர்கள் நிறையுமுன் உதவித்தொகை நின்றுவிட்டது. ஊர் திரும்பி 1895இல் ஹார்வர்டில் முனைவரானார்.

திரும்பி வந்தவர்கள் ஜெர்மன் முறையைச் சொந்த மண்ணில் நட்டார்கள். யேல் 1861இல் முதல் அமெரிக்க முனைவர் பட்டங்களை வழங்கியது. 1876இல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கருத்தரங்க வகுப்பையும் ஆய்வேட்டையும் நடுவில் வைத்தே அமைக்கப்பட்டது. உள்ளூரிலேயே பட்டம் கிடைக்கத் தொடங்கியதும் கடல் தாண்டும் அவசியம் குறைந்தது.

பிரிட்டன் விழித்துக்கொள்ள ஒரு போர் தேவைப்பட்டது. ஜெர்மனி எதிரி நாடான பிறகு அங்கே போய்க்கொண்டிருந்த மாணவர்களை ஈர்க்கும் நோக்கமும் சேர்ந்து, ஆக்ஸ்போர்டு 1917இல் முனைவர் பட்டத்தை ஏற்படுத்தியது. கேம்பிரிட்ஜ் 1919இல் தொடர்ந்தது. அதற்குமுன் இந்தியரும் அதே சிக்கலைச் சந்தித்தவர்களே. கவிஞர் இக்பால் கேம்பிரிட்ஜில் இளங்கலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு மியூனிக் போனார். அவருடைய ஆய்வேடு 1908இல் லண்டனில் அச்சானது.

1920களில் இயற்பியல் கோட்டிங்கனுக்கு மீண்டும் மவுசைத் தந்தது. கேம்பிரிட்ஜில் தடுமாறிய ராபர்ட் ஓப்பன்ஹைமர் 1926இல் மாக்ஸ் போர்னிடம் வந்து, மறு ஆண்டே முனைவரானார். 1933இல் நாஜி அரசு யூதப் பேராசிரியர்களைப் பணியிலிருந்து நீக்கியதும் பயணத்தின் திசை மாறியது. கோட்டிங்கனிலிருந்து போர்ன் பிரிட்டனுக்கும், கணிதவியலாளர் கூரண்ட் பின்னர் நியூயார்க்குக்கும் போனார்கள். அங்கிருந்த மற்றொரு கணிதவியலாளர் எமி நோதர் சேர்ந்த இடம் பிரின் மார்.