கேரம் ராஜா மரிய இருதயம்

நம்மூரில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் கேரம் போர்டில் கை வைக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பலகையில் உலகத்தையே ஜெயித்த நம் தமிழ்நாட்டுக்காரர் மரிய இருதயத்தின் பெயரைச் சொன்னால், எந்த ஆட்டக்காரர் என்று கேட்கிறவர்களே அதிகம். அதனால்தான் இன்றைக்கு அவரைப் பற்றி.

சென்னைக்காரர். தேசிய சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டது, அதுவும் சென்னையில்தான். 1991-ல் டெல்லியில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தபோது ஆண்கள் பட்டம் இருதயத்துக்கு. நான்கு ஆண்டு கழித்து, 1995-ல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் அவரே. 1996-ல் அர்ஜுனா விருது. கேரம் ஆடி அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர். அதற்குப் பிறகு இரண்டாவது ஆள் வரவில்லை.

ஒன்பது தடவை தேசிய சாம்பியன் என்பதை நாம் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை, வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ஒரு சிவப்பு. போட்டியில் 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு வரை ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டை எடுத்தால் வெற்றி. சிவப்புக்கு மூன்று பாயின்ட். ஆனால் 22-ஐத் தொட்டுவிட்டவருக்கு அதற்குப் பிறகு சிவப்பால் லாபம் இல்லை. கடைசி மூன்று பாயின்டைச் சில்லறையாகத்தான் பொறுக்க வேண்டும். எதிராளி அந்த நேரத்தில்தான் எழுந்து வருவான். பெரிய ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டால், எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே அந்த போர்டை இழந்து உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை கை நழுவினால் போதும், எதிராளி அதேபோல் கறுப்பை முடித்துவிடுவான்.

பள்ளிபாளையத்தில் நாங்கள் ஆடியது வேறு மாதிரி. தறிக்கூடத்தில் கரண்ட் போனால் திண்ணைக்குப் பலகை வந்துவிடும். இரவு மன்றத்தில், அட்டையால் மூடிய குண்டு பல்பு பலகைக்கு மேலே தொங்கும். போரிக் பவுடர் தீர்ந்தால் முகத்துக்குப் பூசும் பவுடர். பந்தயம் டீதான். பாவு பிணைத்துப் பழகிய விரல்கள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் அழகைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது மாவட்டப் போட்டி என்று ஒன்று இருப்பதை அறிந்திருந்தார்களா என்பது சந்தேகமே.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் டார்ட்ஸ் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. வட்டப் பலகையில் சின்ன அம்பு எறியும் ஆட்டம். நமக்குத் திண்ணையில் கேரம் என்றால் அவர்களுக்கு மதுக்கடையில் அது. பில் டெய்லர் என்று ஒருவர். ஸ்டோக் என்ற பீங்கான் தொழில் ஊர்க்காரர், பீங்கான் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அப்போது பெரிய சாம்பியனாக இருந்த எரிக் பிரிஸ்டோ அவருக்குப் பணம் கொடுத்து முழுநேரமும் ஆட வைத்தார். 1990 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் டெய்லர் தோற்கடித்தது அந்த பிரிஸ்டோவையே, 6-1 என்று! மொத்தம் 16 முறை உலகப் பட்டம். 2018-ல் கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தவர் எலக்ட்ரீஷியனாக இருந்த ராப் கிராஸ். பரிசு நான்கு லட்சம் பவுண்டு.

நம் கேரம் ஆட்டக்காரர்களுக்குப் பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்தும் வழி இல்லை. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலியக் கம்பெனிகள் என்று கேரம் அணி வைத்திருந்த நிறுவனங்களில் வேலை கிடைத்தால் உண்டு. திறமையில் குறைவா என்றால் இல்லவே இல்லை. அங்கே டெலிவிஷன் கேமரா பலகைக்கு அருகில் போனது, அம்பு குத்திய இடம் வீட்டில் இருந்தவருக்குத் தெரிந்தது, விளம்பரக்காரர் பின்னால் வந்தார். கேரம் பலகைக்கு நேர் மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட நம்மவர்களுக்குத் தோன்றவில்லை. என் அபிப்பிராயம் இது, மறுப்பவர்கள் எழுதலாம்.

இருதயத்துக்குப் பின்னால் வட சென்னைப் பெண்கள் வந்தார்கள். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியன் ஆனார். அவருடைய அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கினார். இவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கேரமுக்கு ஒரு கோடி! மன்றத்தில் டீக்குப் பந்தயம் கட்டி ஆடிய என் கூட்டாளிகளில் மிச்சம் இருக்கும் இரண்டு பேருக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ஒருவர் நம்பவில்லை. மற்றவர், பேத்திக்கு ஒரு நல்ல பலகை என்ன விலை என்று கேட்டார்.