அயல் உயிரினங்களும் மக்கள் கல்வியும்: திருத்தணி வட்டாரம்

ஒரு நிலத்துக்கே உரிய செடிகொடிகளையும் விலங்குகளையும், வெளியிலிருந்து வந்து தாமாகப் பெருகி அவற்றை நெருக்கும் அயல் இனங்களையும் மக்கள் பிரித்தறியக் கற்பிக்கும் பணி இது. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் இதற்கு முதற்பாடம் சீமைக்கருவேலம். அம்மரம் வந்த வரலாற்றையும் அதை நீக்க நடந்த முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டு இனத்தை அடையாளம் காணத் தெரிந்தவரால்தான் அயல் இனத்தை முறையாக நீக்க முடியும் என்பது விளங்கும்.

வரலாறு. சீமைக்கருவேலம் விடுதலைக்குப் பிறகே இங்கு வந்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது 1877இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடப்பட்டது. அன்று கடப்பையும் திருத்தணியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. வறண்ட நிலங்களுக்கென அதன் விதையை வரவழைத்தவர் வனப் பாதுகாவலர் ரிச்சர்டு ஹென்றி பெடோம். தென்னிந்திய மரங்களையும் பெரணிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து எழுதிய பேரறிஞர் அவர். அப்படிப்பட்டவராலும் ஒரு மரம் புதிய மண்ணில் எப்படிப் பெருகும் என்பதை முன்னறிய முடியவில்லை. அதன் இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கின்றன. மேலே வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கிறது. மேய்ச்சல் போகும் வழியெல்லாம் மரமும் போயிற்று.

பெயர்களில் உள்ள அறிவு. இந்த வரலாற்றை ஏட்டில் படிக்காத மக்களும் அதைப் பேச்சில் காத்து வைத்திருக்கிறார்கள். ‘சீமை’ என்ற அடை, மரம் அயலிலிருந்து வந்ததைச் சொல்கிறது. ‘வேலிக்காத்தான்’ என்பது அது முதலில் தந்த பயனைச் சொல்கிறது. தெலுங்கில் ‘சர்க்கார் தும்ம’ என்பார்கள். அரசின் கைபட்டுப் பரவிய வேலமரம் என்ற நினைவு அதில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் திருத்தணியில் இம்மூன்று பெயர்களையும் விளக்கினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். எல்லாப் பெயர்களும் இப்படி வழிகாட்டுவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளை மூடும் களையை ‘ஆகாயத்தாமரை’ என்று அழைக்கும்போது, அது நம் தாமரைக்கு உறவு என்ற மயக்கம் பிறக்கிறது. அங்கே பெயரையே திருத்திச் சொல்லித்தர வேண்டும்.

நீக்கமும் கல்வியும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது மாநிலமெங்கும் பெரும் இயக்கம் எழுந்தது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்து, மரத்தின் தன்மையை ஆராய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது போன்ற உறுதிப்படாத செய்திகளும் அந்நாளில் பரவின. அச்சத்தால் தூண்டப்பட்ட வேகம், நம் கருவேலத்தையும் வெள்வேலையும் சீமைக்கருவேலத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கற்றுத்தராது. 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு நாட்டுத் தாவரங்களைக் கொண்டு நிலத்தை மீட்பதையும் இணைத்தது. நாட்டு மரம் எது என்று தெரியாத ஊரில் அந்த இரண்டாம் பாதி நடக்காது.

மறுப்புகள். மிளகாயும் நிலக்கடலையும் முந்திரியும் அயல்நாட்டவை தானே என்று கேட்கலாம். அவை உழவர் கையை எதிர்பார்த்து வளர்பவை. காட்டையும் ஏரியையும் தாமாகப் பிடித்துக்கொள்வதில்லை. வந்த இடத்தை வைத்து அன்று, செய்யும் கேட்டை வைத்தே ஓர் இனத்தை மதிப்பிட வேண்டும். இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் ஏழைகள் இம்மரத்தின் விறகையும் கரியையும் நம்பி வாழ்கிறார்கள் என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்றே ஆகவேண்டும்: நீர்நிலைகளில் தொடங்கிப் படிப்படியாக நீக்கி, மாற்று விறகும் வருவாயும் தருவதே நியாயம். சட்டம் இருக்கக் கல்வி எதற்கு என்பாரும் உண்டு. எந்திரம் ஒருநாள் வந்து போகும்; அடுத்த மழையில் முளைக்கும் கன்றைப் பிடுங்க அவ்வூர் மக்களே இருப்பார்கள்.

திருத்தணியின் இடம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. நிலத்தில் போட்ட எல்லைக்கோடு விதைக்குத் தடையாகாது. ஆகவே இங்கு இக்கல்வி இரு மொழிகளிலும் நடக்க வேண்டும். முருகன் குடிகொண்ட திருத்தணி மலைக்கு உற்பலகிரி என்றும் பெயர். இந்திரன் சுனையில் கருங்குவளையை வளர்த்து வழிபட்டான் என்பது தலவரலாறு. ஒரு நாட்டுப் பூவின் பெயரைத் தாங்கிய மலை இது. படியேறி வரும் அடியார்க்கு அப்பூவைக் குளத்தில் காட்டி, அருகே பரவும் களையையும் சுட்டிக்காட்டுவதே திருத்தணி தரக்கூடிய மிகச் சிறந்த பாடம்.